இடக் கன்னத்து மச்சம்

இன்றோடு முடிகிறது என்று நேற்றே திரையின் அடியில் சிவப்புப் பட்டையில் எழுத்து ஓட்டினார்கள், இறுதிப் பகுதி நாளை மதியம், காணத் தவறாதீர்கள். தவறினால்தான் என்ன என்று எனக்கு இருந்தது. கரண்ட் போகலாம். மழை பெய்தால் எங்கள் பக்கம் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும், ஆனால் வெளியே வெயில் கொளுத்துகிறது, எதிர் மாடியில் காயப் போட்ட வடாம்கூட விறைத்துக் கிடக்கிறது. வேதவல்லி முகத்துக்குப் பவுடர் போட்டு சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள், ரயிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி, மடியில் கைக்குட்டை. பவுடரை நான்தான் போட்டுவிட்டேன். நெற்றியில் கொஞ்சம் திட்டாக நின்றுவிட்டது, போய்த் தேய்த்துவிட வேண்டும், ஆனால் தொடரின் பாட்டு ஆரம்பித்துவிட்டது, இப்போது குறுக்கே போனால் பிடிக்காது. முடிந்ததும் கேட்பாள். நீங்க எப்பக் கிளம்புறீங்க என்று கேட்பாள், மரியாதையாகத்தான் கேட்பாள், வீட்டுக்கு வந்தவரை மனம் நோகாமல் அனுப்புகிற குரலில். இது என் வீடு, இவள் என் மனைவி. பத்திரம் என் பெயரில், கரண்ட் பில் என் பெயரில், வாசலில் பலகையில் மாசிலாமணி என்று இருக்கிறது, அவளே தினமும் படிக்கிறாள், படித்துவிட்டு என்னைப் பார்த்து, அவரு எப்ப வருவாரு என்கிறாள். நான் எங்கே கிளம்புவது. கிளம்பாவிட்டால் அவர் வரமாட்டார், அதுதான் சட்டம், இந்தக் கொரியத் தொடர்க்காரர்கள் போட்ட சட்டம், ஒரே முகம் உள்ள இரண்டு பேர் ஒரே உலகத்தில் இருக்க முடியாது, ஒருவன் போனால்தான் மற்றவன் வருவான். யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதியது என் வீட்டுக்குள் வந்து நிற்கிறது.

கதை ஒன்றும் பெரிதில்லை. சோரா என்று ஒரு பெண், பூக்கடை வைத்திருக்கிறாள். அவளுடைய ஆள் தோயூன் ஒருநாள் பழைய கட்டடத்து லிஃப்டில் ஏறிப் போனவன் திரும்பவில்லை. அதே லிஃப்டிலிருந்து அதே முகத்தோடு வேறொருவன் இறங்குகிறான், இன்னொரு உலகத்திலிருந்து. முதல் தோயூன் வாய் திறக்காதவன், இவன் பேசுகிறான், சமைக்கிறான், அவள் கால் சுளுக்கினால் மண்டியிட்டுப் பிடித்துவிடுகிறான். டப்பிங்கில் இரண்டு பேருக்கும் ஒரே குரல். வாய் மூடிய பிறகும் தமிழ் வந்துகொண்டிருக்கும், எனக்கு அது கல் கடித்த மாதிரி இருக்கும். அந்த உலகத்து ஆளுக்கு எல்லாம் இடம் வலமாக இருக்குமாம், கடிகாரம் வலது கையில், வகிடு மறுபக்கம். போன வாரம் பாலத்துக் காட்சியில் கடிகாரத்தை இடது கையில் விட்டுவிட்டார்கள். நான் சொன்னேன், பாரு தப்பா கட்டிட்டாங்க என்று. வேதவல்லி திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். அன்றிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். டாக்டர் சொன்னது, முகம் தெரியும் சார், முகத்துக்குள்ள இருக்கிற ஆள் தெரியாது, சில பேருக்கு இப்படி வரும், அடிச்சுப் பேசாதீங்க, ஒத்துப் போங்க. நான் ஸ்டோரில் சாமான் எண்ணிக் கொடுத்துக் காலம் தள்ளியவன், ஒரு வாஷர் குறைந்தாலும் மூட்டையைப் பிரித்து மறுபடி எண்ணுவேன், இல்லாததை இருக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒருநாள் சொன்னேன். காலையிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை, முன்பின் தெரியாத ஆம்பளை கையால எப்படிச் சாப்பிடறது என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று, நீங்க அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தவரா என்றாள். தட்டில் ரசம் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. ஆமாம் என்றேன். அவள் முகம் எப்படித் தெளிந்தது. அப்ப சரி, விருந்தாளி, அதான் கண்டுபிடிக்க முடியல, மன்னிச்சுக்கங்க அண்ணா, என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். அண்ணா என்றாள். நான் ஊட்டினேன்.

விளம்பரம். சோப்பு, தங்கநகை, மறுபடி சோப்பு. இப்போது போய்ப் பவுடரைத் தேய்த்துவிடலாம். எழுந்தேன். அவள் நெற்றியைக் காட்டினாள், சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு. கல்யாணமான நாளிலிருந்து, இவளுக்கு இப்படி ஆகும்வரை, பகல் வெளிச்சத்தில் இவள் நெற்றியை நான் தொட்டதே இல்லை. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. அம்மா இருந்தாள், பிறகு குழந்தை இருந்தாள், பிறகு யாரும் இல்லாதபோதும் சுவர் இருந்தது. அவளும் அப்படித்தான், என் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசியவள் இல்லை, இங்க பாருங்க என்பாள், நான் பார்த்தால் அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். பெயர் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேர் என்னம்மா என்றால் கார்டை நீட்டுவாள், கார்டு இல்லாத நாளில் பக்கத்தில் நிற்கிற யாரிடமாவது, நீங்க சொல்லுங்களேன் என்பாள். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்தியே விட்டாள், புருஷன் பேர் சொல்லாம எப்படி உள்ள எழுதறது என்று. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமலேயே இருந்தாள், நான் வராந்தாவிலிருந்து ஓடிப்போய்ச் சொன்னேன். இப்போது சொல்கிறாள். விருந்தாளியிடம் சொல்லத் தடை ஒன்றும் இல்லையே. மாசிலாமணி காப்பிக்குச் சர்க்கரை கம்மியா போடுவாரு. மாசிலாமணி ஆபீஸ் முடிஞ்சா நேரா வீடுதான். முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவள் வாயில் அந்தப் பெயர் வேறு யாருடைய பெயரோ மாதிரி அழகாக இருந்தது, கடைசி எழுத்தை ஒரு இழை நீட்டுகிறாள், யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வெட்கங்கெட்டு அதற்காகவே பேச்சு கொடுக்கிறேன், உங்க வீட்டுக்காரரு எப்படி, நல்லவரா என்று. நல்லவருதான். ஆனா அவரு மனசுல என்ன இருக்குன்னு அவருக்கே யாராவது போய் சொல்லணும், என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

தொடங்கிவிட்டது. அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், வெளியே மஞ்சள் நிறத்தில் பெரிய இயந்திரங்கள் நிற்கின்றன, லிஃப்ட் இன்று ஒருநாள்தான் ஓடும். சோரா அழுகிறாள். வேதவல்லி அழவில்லை, அவள் சுவரைப் பார்க்கிறாள். சுவரில் எங்கள் கல்யாணப் படம். அதுதான் எனக்கு எதிரான சாட்சி. ஸ்டூடியோக்காரன் பிலிமைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டான். படத்தில் என் மச்சம் இடக் கன்னத்தில், சட்டைப் பை வலப்பக்கம், வேதவல்லியின் முந்தானை வலது தோளில். சட்டமிட்டு வாங்கி வந்த அன்றே பார்த்தேன், கடையில் கூட்டமாக இருந்தது, எல்லாருடைய கல்யாணப் படத்தையும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கேட்கக் கூச்சமாக இருந்தது. மாட்டிவிட்டோம். இத்தனை வருஷத்தில் வந்து போன ஒருவர் கண்ணிலும் படவில்லை, இவள் கண்ணில் பட்டது, இந்த நிலைமையில் பட்டது. என் தாடையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். பாத்தீங்களா, அவருக்கு இந்தப் பக்கம், உங்களுக்கு அந்தப் பக்கம். மச்சம் பொய் சொல்லுமா. ஓசூரில் இருக்கிற மகள் கோதையிடம் போனில் சொன்னேன். அட ஆமாப்பா, முந்தானையே மாறியிருக்கு என்று சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இருங்க நான் சரியா திருப்பி அனுப்பறேன் என்றாள். அனுப்பினாள். போனை எடுத்துக்கொண்டு ஓடினேன், இதோ பார், இதுதான் சரியான படம், மச்சம் வலப்பக்கம், நான்தான் இது. வேதவல்லி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். ஆமாம், நீங்கதான், என்றாள். போனை இன்னும் கிட்டே நீட்டினேன். பக்கத்துல இருக்கிறது உங்க வீட்டுக்காரம்மாவா, என்றாள். லட்சணமா இருக்காங்க. பாவம், அங்க உங்களைத் தேடிக்கிட்டிருப்பாங்களே. அன்றைக்குத்தான் அவள் தீர்மானித்தாள் என்று நினைக்கிறேன், என்னை அனுப்பிவிட வேண்டும் என்று, எனக்காக இல்லை, அந்தப் படத்துப் பெண்ணுக்காக.

அதற்குப் பிறகு அண்ணா என்பதை விட்டுவிட்டாள், அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. எப்போது விட்டாள். சாயங்காலம் தலை வாரிவிட ஆரம்பித்த பிறகு. முதலில் அவளே வாரப் பார்த்தாள், சீப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். வாங்கி வாரினேன். பின்னத் தெரியாது, சாக்கு மூட்டைக்குக் கயிறு முறுக்கிய கைதான், அந்த மாதிரியே முறுக்கினேன். கழுத்தில் என் விரல் பட்டபோது தோளைக் குறுக்கிக்கொண்டு, மாசிலாமணி பாத்தா என்ன நினைப்பாரு, என்றாள். குரலில் பயமில்லை. வேறு என்னவோ இருந்தது. அதன்பிறகு சாயங்காலம் ஆனால் தானே வந்து எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிடுவாள், பேசுவாள், பெருங்களத்தூரில் குடியிருந்தது, அங்கே எதிர்வீட்டு நாய், எனக்கு நிறைய ஆசை இருந்துச்சு சொல்லத்தான் யாருமில்ல, இதெல்லாம் நான் கேட்காதது, எனக்குச் சொல்லாதது. நான் அந்த ஆள் மேல் பொறாமைப்பட்டேன். என் விரலால் என் மனைவியின் தலையை வாருகிற ஆள் மேல்.

லிஃப்ட் கதவு மூடுகிறது. உள்ளே நிற்கிற இரண்டாவது தோயூன் கதவிலிருந்து கையை எடுக்கிறான். கதவு திறக்கிறது, அதே முகம், வகிடு மாறிவிட்டது, பழையவன் வந்துவிட்டான். சோரா அவனைப் பார்க்கிறாள். கேமரா அவள் முகத்தில் நிற்கிறது, அழப் போகிறாளா சிரிக்கப் போகிறாளா தெரியவில்லை, அப்படியே உறைந்துவிட்டது, பாட்டு, பெயர்கள், கொக்கி கொக்கியாக அவர்கள் எழுத்து. அவ்வளவுதானா. பிறகு என்ன ஆயிற்று, அவனோடு எப்படி வாழ்ந்தாள், அதைச் சொல்ல வேண்டாமா. முக்கியமானதை விட்டுவிட்டு முடித்துவிட்டார்கள். வேதவல்லி எழுந்தாள். உள்ளே போனாள். பீரோ கதவு கிறீச்சிட்டது. நான் டி.வி.யை அணைக்கவில்லை, ஊறுகாய் விளம்பரம் ஓடுகிறது, அணைத்தால் அமைதி வந்துவிடும். துணிக்கடைப் பை ஒன்றோடு வந்தாள். உள்ளே என்னுடைய வேட்டி ஒன்று, மடித்தது, இரண்டு வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர், மூடி சரியாக இறுகவில்லை. "வழிக்கு," என்றாள். "அவங்க காத்துக்கிட்டிருப்பாங்க. இங்க லிஃப்ட்டு நல்லா ஓடுது, ஆனா எப்ப நிக்கும்னு யாரு கண்டா." நான் வாங்கிக்கொள்ளவில்லை. "நான் போனா உங்களை யாரு பாத்துப்பாங்க?" "மாசிலாமணி வருவாரு." "அவருக்குத் தலை வாரத் தெரியுமா?" கேட்டிருக்கக் கூடாது. அவள் பையின் காதைச் சேர்த்துப் பிடித்தாள். "தெரியாது. எதுவும் கேக்க மாட்டாரு, எதுவும் சொல்ல மாட்டாரு. இருந்தாலும் எனக்கு அவருதான். அனுப்பி வைங்க." எனக்கு அவருதான் என்று என்னிடம் சொன்னாள். அந்தச் சொல் போதும் என்று தோன்றியது, அதைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கி ஏறிவிடலாம், போய்விட்டு வந்துவிடலாம், வந்தால் நான் நானாக இருப்பேன். பையை வாங்கிக்கொண்டேன். பாட்டில் மூடியை இறுக்கினேன்.

லிஃப்ட் வர நேரமாகிறது. எதிர்வீட்டு ஃபரீதா குப்பைக் கூடையோடு வெளியே வந்தவள் பையைப் பார்த்தாள். "என்ன அங்கிள், ஊருக்கா?" "இல்லம்மா, கீழ வரைக்கும்." "கீழ போறதுக்கு வேட்டி எதுக்கு? ஆன்ட்டி தொரத்திட்டாங்களா?" நான் சிரித்து வைத்தேன், என் சிரிப்பு அவளுக்குப் பழக்கம்தான், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "கடைசில அந்தப் பையன் போயிட்டானா அங்கிள்? எங்க மாமியாரு காலையிலேர்ந்து தஸ்பீ மணி உருட்டிக்கிட்டே இருந்தாங்க, அவன் போகக் கூடாதுன்னு. எனக்குக் குக்கரு, நடுவுல பாக்க முடியல." "போயிட்டான்." "அவ விட்டுட்டாளா? மக்கு. நானா இருந்தா லிஃப்ட் வயரையே அத்துவிட்டிருப்பேன்." "பழையவன் வந்துட்டானே." "வந்து? ஏற்கெனவே இருந்தவன்தானே அவன், புதுசா என்ன கிழிக்கப் போறான்," என்றாள் ஃபரீதா, கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனாள். லிஃப்ட் வந்தது. உள்ளே எதிர்ச்சுவரில் கண்ணாடி. கதவு மூடியதும் நானும் அவனும்தான். மச்சம் இடக் கன்னத்தில். சட்டைப் பை வலப்பக்கம். கல்யாணப் படத்தில் இருந்தவன், தலை நரைத்து, கையில் துணிக்கடைப் பையோடு நிற்கிறான். அவள் தேடுகிற ஆள் இவன்தான், இங்கேயே இருந்திருக்கிறான், தினமும் பால் வாங்கப் போகும்போது இவனுக்கு முன்னால்தான் நின்றிருக்கிறேன். வாய்யா என்று கையைப் பிடித்து வெளியே இழுக்க முடிந்தால். கையை நீட்டினேன், அவனும் நீட்டினான், கண்ணாடி குளிர்ந்து கிடந்தது. கீழே போய்க் கதவு திறந்து யாரும் இல்லாமல் மூடியது. மூன்றை அழுத்தினேன்.

மணி அடிக்கும்போதுதான் மச்சத்தின் ஞாபகம் வந்தது. இது வலப்பக்கம்தானே இன்னும் இருக்கிறது, கதவைத் திறந்ததும் பார்ப்பாள், பார்த்தால் தீர்ந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வலக் கன்னத்தில் வியர்வை துடைப்பது போல வைத்துக்கொண்டேன். திறந்தாள். துண்டு தேவைப்படவே இல்லை, அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, கதவோரமாக ஒதுங்கி, "வந்துட்டீங்களா," என்றாள். அந்தக் குரல். எத்தனை நாளாயிற்று இதைக் கேட்டு, பேரும் இல்லாமல் உறவும் இல்லாமல் எனக்கென்று மட்டும் வைத்திருந்த குரல். வந்துட்டேன் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்தேன், என் நாற்காலியில். அவள் சமையலறை வாசலில் நிற்கிறாள், எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய் நிற்கிறாள், நானும் என்ன பேசுவது என்று தெரியாமல் இருக்கிறேன். வெயில் தரையில் நகர்ந்து சோபா காலைத் தொட்டது. சொல்லேன், என்றது மனசு. விருந்தாளியாக இருந்தபோது வாய் ஓயாமல் பேசினாயே, அதே வாய்தானே, சொல்லேன், வேதா என்று கூப்பிடேன். வரவில்லை. நான் நானான உடனே என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "மழை வர்ற மாதிரி இல்ல," என்றேன். "ம்," என்றாள்.

பிறகு சாயங்காலம் ஆயிற்று. கூந்தல் அவிழ்ந்து முதுகில் கிடந்தது, மதியம் குளித்த ஈரம் இன்னும் அடியில் இருக்கும், வாராவிட்டால் சிக்காகிவிடும். சீப்பை எடுத்துக்கொண்டு போனேன். சீப்பு முடியில் பட்டதும் விலுக்கென்று நகர்ந்துகொண்டாள். "ஐயோ, நீங்க எதுக்கு இதெல்லாம்? விடுங்க. யாராவது பாத்தா." "யாரு பாக்கப் போறாங்க." "வேணாங்க. நீங்க உக்காருங்க." சீப்பை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். பிறகு அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன், சத்தமே இல்லை. "என்னாச்சு?" "ஒண்ணுமில்ல. நீங்க இல்லாதப்ப இங்க ஒருத்தர் இருந்தாரு." "யாரு?" "உங்கள மாதிரியே இருப்பாரு. நல்ல மனுஷன். தலை வாரி விடுவாரு. நான் சொல்றதெல்லாம் கேப்பாரு." கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். "நாந்தான் போகச் சொன்னேன். உங்களுக்காகத்தான் சொன்னேன்." அவள் ஒரு தடவை வாசல் கதவைப் பார்த்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள், முகத்தை அல்ல, சட்டை பட்டன் வரைக்கும். "அவரு திரும்ப வர முடியாதில்ல?" என்றாள். "ரெண்டு பேரும் இருக்க முடியாதே. அதானே சட்டம்." என்னைப் போ என்று அவள் சொல்லவில்லை. சாகும்வரை சொல்ல மாட்டாள். மடியில் சீப்பைத் திருப்பிக்கொண்டே இருப்பாள், சாயங்காலந்தோறும், முடி சடையாகிற வரைக்கும், நானும் பக்கத்தில் மழை வருமா வராதா என்று சொல்லிக்கொண்டிருப்பேன். கோதைக்குப் போன் செய்யலாமா, செய்து என்ன சொல்வது, உங்கம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது என்று சொல்வதா. சந்தோஷப்படுவாள்.

செருப்பை மாட்டினேன். "கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்," என்றேன். சரி என்றாள், எங்கே என்று கேட்கவில்லை, ஒருநாளும் கேட்டதில்லை. துணிக்கடைப் பை வாசலிலேயே பிரிக்காமல் இருந்தது. அதை எடு என்று அவள் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை. லிஃப்டில் ஏறிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றேன். அவன் பின்னால் நிற்பது தெரிந்தது. கீழே கதவு திறந்தது, கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது, கொத்தமல்லிக்கட்டோடு யாரோ ஏறப் போய் நான் இறங்காததைப் பார்த்து, மேலயா என்றார்கள். மேலே என்றேன். மணி அடித்தேன். இந்தத் தடவை துண்டு வைத்துக்கொள்ளவில்லை, விளக்கு மச்சத்தில் விழட்டும் என்று முகத்தை நிமிர்த்திக்கொண்டேன். திறந்தாள். நேராக என் கண்ணைப் பார்த்தாள், பிறகு வலக் கன்னத்தை. முகம் மலர்ந்தது, இந்த முகத்தை எனக்கு அவள் ஒருநாளும் காட்டியதில்லை. "அவரு போயிட்டாரா?" என்று மெல்லக் கேட்டாள். "போயிட்டாரு," என்றேன். எங்கே என்று கேட்பாளோ என்று நின்றேன். பெயரையாவது சொல்வாள் என்று நினைத்தேன். சீப்பை என் கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள், எதிர்வீட்டு நாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். முடி நன்றாகச் சிக்காகியிருந்தது. நுனியிலிருந்து எடுக்க ஆரம்பித்தேன்.